வீட்டு லேத்துக்கு மூன்றாவது மோட்டார்

கோவை கணபதியில் மூடிவிட்ட ஒரு சிறு பட்டறையிலிருந்து நாலரை அடி லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்றை வாங்கி வந்து வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கினேன். அடித்தளமான பெட்டில் சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் பிடி) பக்கம் சற்றுத் தேய்மானம், டூலை உள்ளும் வெளியும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில் கால் சுற்று லூஸ். இரண்டும் பழைய லேத்தில் எதிர்பார்க்கக் கூடியவைதான். மோட்டார் மட்டும் செத்திருந்தது. 2 ஹெச்.பி., த்ரீ பேஸ், 415 வோல்ட். மூடியைக் கழற்றியதும் எரிந்த வார்னிஷ் வாடை அடித்தது. மூன்று பேஸில் இரண்டின் காயில்கள் கருகியிருந்தன, மூன்றாவது மட்டும் புதிதுபோலப் பளபளத்தது. ஸ்டார் இணைப்பில் (மூன்று காயில்களின் கடைசி முனைகளையும் ஒன்றாகக் கட்டுவது) உள்ள மோட்டார் இப்படி எரிந்திருந்தால் காரணத்தைத் தேட வேண்டியதில்லை. ஒரு பேஸ் விட்டுப்போன பிறகும் யாரோ அதை ஓட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ், 230 வோல்ட். மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்தான். வாரத்தில் ஐந்தாறு மணி நேரம் ஓடப்போகும் லேத்துக்காக மீட்டரையும் வயரிங்கையும் மாற்ற மனம் வரவில்லை. அதனால் வீட்டில் உள்ள மின்சாரத்துக்கு ஏற்ற மோட்டாரைப் போடுவது என்று முடிவு செய்தேன். அதை ஒரே முறையில் சரியாகச் செய்யவில்லை, இரண்டு முறை மாற்றினேன். இரண்டு முறையும் என்ன நடந்தது என்பதை அளவுகளோடு எழுதுகிறேன்.

எத்தனை ஹெச்.பி. வேண்டும்?

பட்டறையில் 2 ஹெச்.பி. இருந்ததால் வீட்டிலும் அதுவே வேண்டும் என்று பலர் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை. மைல்ட் ஸ்டீலில் நொடிக்கு ஒரு கன மில்லிமீட்டர் உலோகத்தைச் சீவி எடுக்க ஏறக்குறைய 2 முதல் 2.5 வாட் ஆகும். 2 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடு (டூல் நகரும் தூரம்), நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகம் என்று ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலால் வெட்டினால் நொடிக்கு 200 கன மில்லிமீட்டர். அதாவது 500 வாட். வீட்டில் இதைவிடக் கனமாக நான் வெட்டப் போவதில்லை. 1 ஹெச்.பி. என்றால் 746 வாட், பெல்ட்டிலும் கியரிலும் போகும் இழப்புக்கும் இடம் இருக்கிறது. கூலிக்கு ஓட்டும் பட்டறைக்கு நேரம்தான் காசு, அங்கே 2 ஹெச்.பி. நியாயம். எனக்கு 1 ஹெச்.பி. போதும் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு மட்டும் கடைசிவரை மாறவில்லை.

இரண்டாவது மோட்டார்

எல்லோரும் செய்வதைத்தான் முதலில் நானும் செய்தேன். கெபாசிட்டர் ஸ்டார்ட் வகையில் 1 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 சுற்று, கடையில் வாங்கி அன்று மாலையே மாட்டிவிட்டேன். லேத் ஓடியது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. இந்த மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர் இழுத்தது. தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் வீட்டு விளக்குகள் மங்கின, ஹாலில் இன்வெர்ட்டர் டக்கென்று பேட்டரிக்கு மாறியது. தண்ணீர் பம்பு என்றால் நாளுக்கு இரண்டு முறை தொடங்கும், பொறுத்துக்கொள்ளலாம். லேத் அப்படி இல்லை. அளக்க நிறுத்து, மறுபடி ஓட்டு, டூலை மாற்ற நிறுத்து, மறுபடி ஓட்டு. ஒரு மணி நேரத்தில் முப்பது நாற்பது முறை ஆகிவிடும். ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் அந்த மாதிரி வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை. அது சில நொடிகள் மட்டும் வேலை செய்துவிட்டு நன்றாக ஆறவேண்டிய பொருள். இரண்டு மாதத்தில் வீங்கி ஒழுகிவிட்டது.

மரை வெட்டும்போது இன்னொரு சிக்கல். மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூ என் லேத்தில் அங்குல அளவு, அங்குலத்துக்கு 4 மரை. அதில் 1.5 மி.மீ. பிட்ச் மெட்ரிக் மரை வெட்டினால், சேடிலை (டூல் தாங்கி) லீட் ஸ்க்ரூவோடு கோர்க்கும் ஹாஃப் நட்டைக் கழற்றவே கூடாது. கழற்றினால் அடுத்த வெட்டு அதே தடத்தில் விழாது. டூலை வெளியே இழுத்துவிட்டு மோட்டாரையே திருப்பி ஓட்டித்தான் சேடிலைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். கெபாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் வேகம் பிடித்ததும் உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடும். அந்த நிலையில் ரிவர்ஸ் சுவிட்சைத் திருப்பினால் மோட்டாருக்கு அது தெரியவே தெரியாது, அதே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். முழுக்க நிற்கும்வரை காத்திருந்துதான் திருப்ப வேண்டும்.

பதினான்கு கோடுகள்

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். விடாமல் உறுத்தியது வேறொன்று. 25 மி.மீ. மைல்ட் ஸ்டீல் ராடைக் கடைந்து துடைத்துப் பார்த்தால், வெளிச்சத்தில் சாய்க்கும்போது மெல்லிய அலைக்கோடுகள் தெரிந்தன. நகத்துக்குப் பிடிபடாது, கண்ணுக்குத் தெரியும். டூலைத் தீட்டினேன், மைய உயரத்தைச் சரிபார்த்தேன், ஸ்லைடின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப்பை இறுக்கினேன், பெல்ட்டை மாற்றினேன். கோடுகள் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தக் கோடுகளை எண்ணினேன். ராடைச் சுற்றி மார்க்கர் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினால் 14. இடைவெளி ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அப்போது ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) ஓடியது நிமிடத்துக்கு 432 சுற்று, நொடிக்கு 7.2. நொடிக்கு 100 அதிர்வு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 13.9 கோடு விழும். பெல்ட்டை அடுத்த படிக்கு மாற்றி 247 சுற்றில் அதே ராடைக் கடைந்தேன். இப்போது 24 கோடுகள், இடைவெளி 3 மி.மீ.க்குச் சற்று மேல். கணக்குப்படி வரவேண்டியது 24.3.

பெல்ட்டோ கியரோ பேரிங்கோ காரணமாக இருந்திருந்தால் ஸ்பிண்டில் வேகத்தோடு அதிர்வின் வேகமும் மாறியிருக்கும். இது மாறவில்லை, நொடிக்கு 100 என்றே நின்றது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் பேஸ் மோட்டாரின் முறுக்குவிசை சீராக வராது, ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் ஒரு முறை எழுந்து விழும். நொடிக்குச் சரியாக 100 முறை. அந்தத் துடிப்பு பெல்ட் வழியாக ஸ்பிண்டிலுக்கும் அங்கிருந்து ராடின் மேலும் வந்து பதிந்திருக்கிறது. த்ரீ பேஸ் மோட்டாரில் மூன்று அலைகளும் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்புவதால் முறுக்குவிசை ஏறக்குறைய சமமாக வரும். அந்த எண்ணிக்கை கையில் வந்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. சிங்கிள் பேஸ் மோட்டாரைக் கழற்றி வைத்தேன்.

பழைய லேத்தில் ஃபினிஷ் சரியில்லை என்று யாராவது சொன்னால், மோட்டாரைத் திட்டுவதற்கு முன் இந்த எண்ணும் வேலையைச் செய்யச் சொல்கிறேன். இரண்டு வேகத்தில் கடைந்து இரண்டு முறை எண்ணினால் போதும், குற்றவாளி எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஸ்டார் முடிச்சு

மூன்றாவது திட்டம்: 1 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டார், அதை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்). இது 230 வோல்ட் சிங்கிள் பேஸை உள்ளே டி.சி.யாக மாற்றி, அதிலிருந்து நாம் கேட்கும் ஹெர்ட்ஸில் மூன்று பேஸைச் செய்து தரும். ஆனால் வெளியே வருவதும் 230 வோல்ட் த்ரீ பேஸ்தான். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் 1 ஹெச்.பி. மோட்டாரோ 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியது. அப்படியே இணைத்தாலும் ஓடும், ஆனால் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகிவிடும். கையால் சக்கைப் பிடித்து நிறுத்திவிடலாம்போல இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல், வி.எஃப்.டி. போட்டால் லேத்தில் பலம் இருக்காது என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

தீர்வு எளிது. ஸ்டாரில் கட்டிய 415 வோல்ட் மோட்டாரில் ஒவ்வொரு காயில் தொகுதிக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். அதே காயில்களை டெல்டாவாக (ஒன்றின் கடைசியை இன்னொன்றின் தொடக்கத்தோடு சேர்த்து வளையமாக) மாற்றிக் கட்டினால் 230 வோல்ட்டிலேயே முழு பலத்தோடு ஓடும். கரன்ட் மட்டும் 1.73 மடங்காகும். என் மோட்டாரின் பிளேட்டில் 1.8 ஆம்பியர் என்றிருந்தது, டெல்டாவில் 3.1. ஆறு முனையும் டெர்மினல் பெட்டிக்கு வந்திருந்தால் பட்டியை மாற்றிப்போடும் ஐந்து நிமிட வேலை. நான் வாங்கியதில் மூன்றே முனைகள். மற்ற மூன்றும் உள்ளே ஒன்றாக முறுக்கப்பட்டு, காயில் தலைப்புக்கு அடியில் நாடாவால் கட்டி வார்னிஷில் புதைந்திருந்தன.

தெரிந்த வைண்டிங் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் அண்ணன் நாற்பது வருடமாக இந்த வேலை செய்பவர். மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஸ்டார் முடிச்ச உள்ளாரயே கட்டி வச்சிருக்காங்க தம்பி. வெளிய எடுத்துரலாம். ஆனா கம்பெனி வாரண்டி போயிரும், பரவால்லீங்களா?"

"பரவால்லைங்கண்ணா. இன்சுலேஷன் மட்டும் கெடாம பாத்துக்கங்க."

"கெடாது. அவசரப்பட்டாத்தான் கெடும். சாயங்காலம் வாங்க."

நான் போகவில்லை, நின்று பார்த்தேன். முடிச்சின் மேல் இருந்த வார்னிஷை மெல்லச் சூடாக்கி இளக்கி, நாடாவை அறுத்து, மூன்று முனைகளைப் பிரித்தார். மல்ட்டிமீட்டரை வைத்து எந்த உள்முனை எந்த வெளிமுனையோடு தொடர்பு என்று பார்த்துச் சீட்டுக் கட்டினார். மூன்று உள்முனைகளும் ஸ்டாரில் சேர்ந்திருந்தவை என்பதால் அவை எல்லாமே கடைசி முனைகள், காயிலின் திசை குழம்ப வாய்ப்பே இல்லை. ஜோடி மட்டும் சரியாகத் தெரிந்தால் போதும். புது வயரை வைத்துச் சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, மறுபடி நாடாவால் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தார். டெல்டாவுக்கு முதல் காயிலின் தொடக்கத்தோடு மூன்றாவதின் கடைசி, இரண்டாவதின் தொடக்கத்தோடு முதலாவதின் கடைசி, மூன்றாவதின் தொடக்கத்தோடு இரண்டாவதின் கடைசி. 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாடியோடு கசிவு இல்லை என்று காட்டிய பிறகுதான் மூடியைப் போட்டார்.

நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்தது. 1937இல் கோவைப் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மோட்டாரைச் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளின் கைப்பழக்கம் இன்னும் இந்த ஊர்ச் சந்துகளில் இருக்கிறது. அது இல்லாத ஊரில் இருந்திருந்தால் இந்த மோட்டாரை நான் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பொருத்தியது

பழைய 2 ஹெச்.பி. மோட்டார் 90 ஃபிரேம், புதியது 80. அந்த எண் மோட்டார் காலின் அடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை உள்ள உயரம், மில்லிமீட்டரில். ஆகவே 10 மி.மீ. தகடு ஒன்றை அடியில் கொடுத்தேன். காலின் துளைகளும் சிறியவை, 125க்கு 100. தகட்டிலேயே இரண்டு வகைத் துளையும் போட்டுவிட்டேன். ஷாஃப்ட் 24 மி.மீ.யிலிருந்து 19 ஆகக் குறைந்தது. பழைய புல்லிக்கு புஷ் (துளையைச் சிறிதாக்கும் உள்வளையம்) போடலாம் என்றார்கள். மெல்லிய புஷ்ஷில் சாவித்தடம் (புல்லி நழுவாமல் பிடிக்கும் ஆப்புக்கான பள்ளம்) வெட்டினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. புது 3 அங்குலப் புல்லி வாங்கி 19 மி.மீ.க்குப் போர் செய்ய வேண்டும். அதற்கு லேத் வேண்டும், என் லேத்தில் மோட்டார் இல்லை. அடுத்த தெருப் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கினேன்.

1 ஹெச்.பி.க்கு ஏ செக்ஷன் பெல்ட் ஒன்று போதும். இரண்டு புல்லியின் முகத்திலும் நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்த்தேன். நூல் நான்கு இடத்திலும் தொட வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் புல்லிகளுக்கு இடையில் உள்ள நீளத்தில் 100 மி.மீ.க்கு ஒன்றரை மி.மீ. அளவு இறங்கினால் சரி. அதைவிட இறுக்கினால் பேரிங்தான் விலை கொடுக்கும்.

வி.எஃப்.டி.யை லேத்தின் மேல் வைக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். சீவல் தூள் உள்ளே போனால் அன்றோடு அது முடிந்தது. சுவரில், தலை உயரத்தில், தகரப் பெட்டிக்குள் வைத்தேன். காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான வலை அடித்தேன். காரணம் பல்லி. நம் ஊரில் சூடான சர்க்யூட் போர்டைத் தேடி பல்லி வரும், எறும்பும் வரும். இரண்டும் ஷார்ட் செய்யும். பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 325 வோல்ட் டி.சி. சும்மா உட்கார்ந்திருக்கும்.

முதல் நாளே வீட்டு ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. வி.எஃப்.டி.யின் உள்ளே இருக்கும் ஃபில்டர் வழியாக எர்த்துக்குச் சிறிது கரன்ட் கசிவது இயல்பு. ஏற்கெனவே ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் கசிவும் அதே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் சேர்ந்துகொண்டிருந்தது. வந்த எலெக்ட்ரீஷியன், எர்த் வயரைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை, நீங்களும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரும்பு இயந்திரத்தில் இரண்டு கையையும் வைத்து நிற்பவனுக்கு அந்த எர்த்தான் உயிர். மெயின் போர்டிலிருந்து லேத்துக்கென்று தனி லைன், அதற்குத் தனி எம்.சி.பி., டிரைவுகளுக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி. போட்டோம். அதன் பிறகு ஒரு முறைகூட விழவில்லை.

தொடங்குவதும் நிற்பதும்

வி.எஃப்.டி.யில் அமைப்புகள் நூற்றுக்கு மேல் இருக்கும். மோட்டாரைப் பற்றிய நான்கைந்தைப் பிளேட்டைப் பார்த்துப் போட்டால் போதும்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3.1 ஆம்பியர், 1440 சுற்று. வேகம் ஏறும் நேரம் 3 நொடி. இப்போது தொடங்கும்போது விளக்கு மங்குவதில்லை, இன்வெர்ட்டர் அசைவதில்லை.

நிற்கும் நேரத்தில்தான் தவறு செய்தேன். மரை வெட்டும்போது சட்டென்று நிற்கட்டும் என்று 0.8 நொடி போட்டேன். என் லேத்தில் சக் ஸ்பிண்டில் மூக்கில் மரையால் ஏற்றியது. 8 அங்குல நாலு ஜா சக் வேகமாகச் சுற்றும்போது ஸ்பிண்டில் மட்டும் திடீரென நின்றால், சக் தன் வேகத்தில் தொடர்ந்து சுற்றி மரையிலிருந்து கழன்று வரும். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நின்றதும் பார்த்தேன், சக் கால் சுற்று கழன்றிருந்தது. இன்னும் சில சுற்று போயிருந்தால் அத்தனை கனமும் சுழன்றபடியே என் கால் மேல் விழுந்திருக்கும். இப்போது 5 நொடி. ரிவர்ஸுக்கும் அதேதான். திருப்பி ஓட்டும்போது டூல் எப்போதும் வெளியே. அவசர சிவப்பு பட்டனை அடித்தால் பிரேக் பிடிக்காமல் மோட்டாரை விட்டுவிடும்படி அமைத்திருக்கிறேன், தானாக ஓய்ந்து நிற்கும். மரை மூக்கு இல்லாமல், சக்கைப் பூட்டிப் பிடிக்கும் கேம் லாக் மூக்கு உள்ள லேத் என்றால் இந்தப் பயம் இல்லை. வாங்கும்போதே இதைப் பாருங்கள்.

இன்னொன்று மின்வெட்டு. இரண்டாவது மோட்டார் இருந்த காலத்தில் சாதாரண சுவிட்ச்தான் வைத்திருந்தேன். ஒரு மாலை கரன்ட் போனது. சுவிட்சை அணைக்காமல், சக் சாவியை சக்கிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கரன்ட் வந்ததும் லேத் தானாக ஓடி, சாவி பறந்து ஷெட்டின் கூரையைத் துளைத்தது. ஆள் நிற்கும் இடத்தில் நான் இல்லை, அவ்வளவுதான். இப்போது தொட்டால் ஓடும் பச்சை பட்டன் ஒன்று, சிவப்பு பட்டன் ஒன்று, மூன்று வயர் இணைப்பு. கரன்ட் போய் வந்தால் பச்சையை மறுபடி அழுத்தாமல் ஓடாது. வி.எஃப்.டி.யில் தானாகத் தொடங்கும் அமைப்பை அணைத்துவிட்டு, மெயினை நிறுத்திப் போட்டு ஐந்து முறை சோதித்தேன். சக் சாவிக்கு ஸ்பிரிங்கும் போட்டாயிற்று, கையை எடுத்தால் வெளியே தள்ளிவிடும்.

பேக் கியரை விடவில்லை

வி.எஃப்.டி.யின் பொட்டென்ஷியோமீட்டர் குமிழைத் திருப்பினால் வேகம் மாறுகிறதே, இனி பெல்ட்டையும் கியரையும் ஏன் மாற்ற வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய மாறாது, ஆனால் வேகம் குறைவதால் பவர் குறையும். 150 மி.மீ. வார்ப்பிரும்பு முகத்தைக் கடைய 72 சுற்று வேண்டும் என்று வையுங்கள். பேக் கியரில் (ஸ்பிண்டில் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் கியர்) போட்டால் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஓடும், முழு 1 ஹெச்.பி.யும் டூலுக்கு வரும். நேர் பெல்ட்டில் 432 சுற்றுப் படியிலிருந்து டிரைவால் குறைத்தால் 8 ஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும், கிடைப்பது ஆறில் ஒரு ஹெச்.பி. டூல் கடித்ததும் நின்றுவிடும். மோட்டாரின் ஃபேனும் அதே ஷாஃப்ட்டில் இருப்பதால் மெதுவாக ஓடும்போது காற்றும் இல்லை, சூடு ஏறும். அதனால் கீழ் எல்லையை 15 ஹெர்ட்ஸில் நிறுத்தினேன். பெல்ட்டும் கியரும் முரட்டு அளவுக்கு, டிரைவ் நடுவில் நுணுக்கமாகச் சரிசெய்ய. இப்படிப் பிரித்துக்கொண்டால் இரண்டும் பயன்படுகின்றன.

அந்த 25 மி.மீ. ராடின் மீதிப் பாதியை அதே டூல், அதே 432 சுற்றில் கடைந்தேன். வெளிச்சத்தில் எந்தப் பக்கம் சாய்த்தாலும் 14 கோடுகள் இல்லை. 

மேல் எல்லை மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முதலில் 60 ஹெர்ட்ஸ் வைத்தேன். பெல்ட்டின் மிக வேகமான படியில் அது 907 சுற்று. 10 மி.மீ. ராடை ஹெச்.எஸ்.எஸ். டூலால் கடைய நல்ல வேகம். ஆனால் என் ஹெட்ஸ்டாக்கில் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பகுதி) பேரிங்காக இருப்பது கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ். அரை மணி நேரம் ஓட்டியதும் முன்பக்கப் புஷ்ஷின் மேல் கை வைக்க முடியவில்லை. 55க்கு இறக்கினேன், 832 சுற்று, கை வைக்கும் சூடுதான். எண்ணெய்க் கப்பின் திரியை மாற்றி, புஷ்ஷின் மேல்மூடியில் இருக்கும் மெல்லிய இடைத்தகடான ஷிம்மைச் சரிபார்த்துவிட்டு மறுபடி 60இல் ஓட்டிப் பார்க்க வேண்டும்.